தோசைக்கு எதற்குத் தொலைபேசி எண்? ஒரு திறந்த மடல்

பெறுநர்: தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையமும் அதன் அங்கமான தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும், சிங்கப்பூர்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உணவகத்திலோ மளிகைக் கடையிலோ ஒருவர் பொருள் வாங்குவதற்கு அவருடைய கைப்பேசி எண்ணும் பிறந்தநாளும் மின்னஞ்சலும் நுழைவுச்சீட்டாக இருக்கக்கூடாது. அவற்றைத் தராதவருக்கும் அதே பொருள் அதே விலைக்குக் கிடைக்கவேண்டும். இவ்வளவுதான். சின்ன விஷயம்போலத் தெரியும். ஒரு தோசைக்காக ஆணையத்துக்கு யார் கடிதம் போடுவார்கள் என்று எல்லாரும் விட்டுவிட்டதால்தான் அது பெரிதாகிக்கொண்டு போகிறது. நான் போடுகிறேன்.

சிராங்கூன் சாலைப் பக்கம் பல உணவகங்களில் இப்போது தண்ணீர் வருகிறதோ இல்லையோ, மேசையில் ஒட்டிய கியூஆர் தயாராக இருக்கிறது. ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் திறக்கும். பெயர் கேட்கும். எண் கேட்கும். அந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பும். சில இடங்களில் பிறந்த தேதியும் வேண்டுமாம், பிறந்த மாதத்தில் இலவசமாக ஏதோ இனிப்பு உண்டு என்ற தூண்டிலோடு. அதற்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், விளம்பரச் செய்திகள் பெறச் சம்மதம் என்ற கட்டத்தில் நமக்காக அவர்களே டிக் போட்டு வைத்திருப்பார்கள். இத்தனையும் தாண்டினால்தான் நெய் ரோஸ்ட் கண்ணில் படும். அதற்குள் பக்கத்தில் இருக்கும் பிள்ளை பசியில் அழ ஆரம்பித்திருக்கும்.

முன்பு சுவரில் ஒரு பலகை தொங்கும். இட்லி, பொங்கல், பூரி என்று தமிழில் எழுதியிருப்பார்கள். திரைக்குள் போய்விட்ட பட்டியலோ நான் பார்த்தவரை ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவுக்கு வரும் நம் ஊழியர்களுக்குக் கைப்பேசி ஒன்றும் புதிதல்ல. ஊருக்குப் பேசுவதும் பணம் அனுப்புவதும் அதில்தான். 2023 பிப்ரவரியில் கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் நம் பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் இணைத்தபோது எத்தனையோ பேருக்கு வரிசையில் நிற்கும் வேலை மிச்சமானது. அப்படிப்பட்ட ஒரு தம்பிதான் பக்கத்து மேசையில் இருந்தவரிடம், "அண்ணே, இதுல பரோட்டா எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது திரையை விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால் வரும் 'பிரெட்ஸ்' என்ற தலைப்புக்குள் ஒளிந்திருந்தது. பரோட்டா மாஸ்டர் அவருக்குப் பத்தடி தூரத்தில் கல்லில் தட்டிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன். "அக்கா, அதெல்லாம் நாங்க கேக்கல, சிஸ்டம் கேக்குது" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். வாடகை ஏறியிருக்கிறது, ஆள் கிடைப்பதில்லை. சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர்கள் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது. உள்ளூரில் மேசை துடைத்து ஆர்டர் எடுக்க யார் வருகிறார்கள்? ஆகவே ஒரு நிறுவனம் வந்து மேசைக்கு மேசை கியூஆர் ஒட்டித் தருகிறேன் என்றால் அவர் சரி என்கிறார். அந்தப் படிவத்தில் என்னென்ன கேட்கவேண்டும் என்று அவர் முடிவு செய்யவில்லை. சேர்ந்த எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுகூட அவருக்குத் தெரியாது. யாரும் கேட்காமலேயே நம் எண் எங்கோ ஒரு பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. உணவங்காடிக்காரர்கள் மின்னிலக்க முறையில் பணம் ஏற்க வேண்டும் என்று 2020-ல் நீங்கள் ஊக்கத்தொகை கொடுத்தீர்கள். மாதம் 20 பரிவர்த்தனையாவது நடந்தால் அந்த மாதத்துக்கு 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஐந்து மாதங்களுக்கு. பல வங்கிகளின் கியூஆர்களை ஒன்றாக்கிய எஸ்ஜிகியூஆரை அதற்கு முன்பே, 2018-ல், அறிமுகப்படுத்தியாயிற்று. அந்தக் கியூஆரில் காப்பிக்குக் காசு கொடுக்கிறேன். அது என் பிறந்தநாளைக் கேட்டதே இல்லை. பணத்தைக் கையாளும் கியூஆருக்கே தேவைப்படாத விவரம் தோசையைக் கொண்டுவரும் கியூஆருக்கு எதற்கு?

அடுத்தது என் மாமியார் விஷயம். எழுபதைத் தாண்டியவர். காலையில் வானொலியில் ஒலி 96.8, மாலையில் தொலைக்காட்சியில் வசந்தம். மோசடி பற்றி நீங்களும் காவல்துறையும் வங்கிகளும் சொல்லும் ஒவ்வொன்றையும் வேதவாக்காக எடுத்துக்கொள்பவர். தெரியாத இணைப்பைத் தட்டாதீர்கள். கண்ட கியூஆரை ஸ்கேன் செய்யாதீர்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். சந்தேகம் வந்தால் 1799-ஐ அழையுங்கள். எல்லாம் மனப்பாடம். அவருடைய வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்க ரோஜாப்பூக்களுக்கு நடுவே இந்த எச்சரிக்கைகளைத்தான் பகிர்கிறார். பாதி உண்மை, மீதி யாரோ கிளப்பிவிட்டது என்றாலும் நோக்கம் நல்லது.

அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் சுமார் 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தார்கள். அதன் பிறகுதான் வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் செய்திகளில் இணைப்புகளைத் தூக்கின. 2023-ல் ஒரு பபிள் டீ கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த கியூஆரை ஸ்கேன் செய்து, கருத்தாய்வு என்று நம்பிச் செயலியைப் பதிவிறக்கிய ஒரு மாதிடமிருந்து 20,000 வெள்ளி போனது. 2024-ல் நாடு முழுவதும் மோசடியில் பறிபோனது குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. இவை நீங்கள் சொன்ன செய்திகள். அவற்றைக் கேட்டுவிட்டு மாமியார் உணவகத்துக்கு வருகிறார். மேசையில் யாரோ ஒட்டிய கியூஆர். ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். ஓடிபி வருகிறது, அதைப் போடச் சொல்கிறார்கள். "போலீஸ் வேணாங்குது, இவன் போடுங்கிறான். நான் யார் பேச்சைக் கேக்குறது?" என்கிறார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

நல்ல கடைக்கும் திருட்டுக் கும்பலுக்கும் ஒரே வழிமுறை இருந்தால், வருஷக்கணக்கில் செலவு செய்து நீங்கள் ஊட்டும் எச்சரிக்கை உணர்வைக் கடைகள் வாரக்கடைசிக்கு வாரக்கடைசி கரைத்துவிடுகின்றன. பத்துக் கடையில் ஓடிபி போட்டுப் பழகிய விரல் பதினோராவது இடத்தில் மட்டும் தயங்குமா?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2012-ல் நிறைவேறி 2014-ல் முழுமையாக நடப்புக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது: ஒரு பொருளை அல்லது சேவையை வழங்க நியாயமாகத் தேவைப்படும் அளவுக்கு மேல் தகவல் தரச் சம்மதித்தால்தான் அதைத் தருவேன் என்று ஒரு நிறுவனம் நிபந்தனை போடக்கூடாது. தோசை சுட எண் தேவையில்லை என்பதை நிரூபிக்க வழக்கறிஞர் வேண்டியதில்லை. வீட்டுக்கு டெலிவரி என்றால் எண் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கூட்டமான நாளில் இடம் கிடைத்ததும் கூப்பிட என்றாலும் சரி. உட்கார்ந்துவிட்டவரை எதற்குக் கூப்பிட வேண்டும்?

அடையாள அட்டை எண் விஷயத்தில் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பது நினைவிருக்கிறது. ஒரு காலத்தில் கடைத்தொகுதியில் அதிர்ஷ்டக் குலுக்கு என்றால் சீட்டில் அடையாள அட்டை எண்ணை எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு வருவோம். அது தவறு என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல் சட்டப்படியோ ஒருவரை மிகத் துல்லியமாக அடையாளம் காணவோ தேவைப்படும் இடங்களைத் தவிர வேறெங்கும் அதைக் கேட்கக்கூடாது என்று வழிகாட்டி போட்டீர்கள். வியாபாரம் எதுவும் படுத்துவிடவில்லை. கைப்பேசி எண்ணுக்கும் அப்படி ஒன்று வரவேண்டிய நேரம் வந்துவிட்டது, ஏனென்றால் இன்று என் அடையாள அட்டை எண்ணைவிட என் கைப்பேசி எண்தான் என்னை அதிகம் காட்டிக்கொடுக்கிறது. வாட்ஸ்அப் அதில், பேநவ் அதில், பிள்ளையின் டியூஷன் ஆசிரியர் நடத்தும் குழுவும் அதில்.

இனி காசு. மளிகைக் கடைகளில் ஒரே அரிசிப் பைக்கு இரண்டு விலைச் சீட்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். செயலியில் உறுப்பினராக இருப்பவருக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை. தள்ளுபடி என்று பெயர். செயலி இல்லாத என் மாமியாருக்கு அது தள்ளுபடி இல்லை, அபராதம். பொருள் சேவை வரி 2022 இறுதிவரை 7 விழுக்காடாக இருந்து, 2023-ல் எட்டாகி, 2024-ல் ஒன்பதானபோது நாடாளுமன்றத்தில் எவ்வளவு பேசினார்கள்! உதவித்தொகையும் பற்றுச்சீட்டும் கொடுத்து ஈடுகட்டினார்கள். செயலி இல்லாதவர் ஒவ்வொரு வாரமும் கட்டும் இந்த வரியைப் பற்றி எந்த மன்றத்திலும் யாரும் பேசிக் கேட்டதில்லை.

காகிதத்துக்குக் காசு வாங்குவது எல்லாமே அநியாயம் என்று வாதிட மாட்டேன். 2023 நவம்பரிலிருந்து வங்கிகள் காசோலைக்குக் கட்டணம் வாங்குகின்றன. காசோலை போடுபவர்கள் குறையக் குறைய ஒவ்வொன்றையும் தீர்த்துவைக்கும் செலவு ஏறுகிறது என்கிறார்கள். அது கணக்கு, புரிகிறது. கட்டண ரசீதைத் தபாலில் அனுப்பத் தொலைபேசி நிறுவனம் காசு கேட்டால், அஞ்சல்தலைச் செலவாவது உண்மை என்று பல்லைக் கடித்துக்கொள்ளலாம். அரிசிப் பைக்கு என்ன செலவு கூடியது? செயலி வைத்திருப்பவர் தூக்கும் பையும் இல்லாதவர் தூக்கும் பையும் ஒரே அடுக்கிலிருந்துதான் வருகின்றன. இங்கே விலை வித்தியாசம் என்பது, நாம் எதை எப்போது எவ்வளவு வாங்குகிறோம் என்ற விவரத்துக்குக் கடைக்காரர் கொடுக்கும் கூலி. விற்க விரும்புபவர் விற்கட்டும். விற்க மறுப்பவரிடமிருந்து வசூல் செய்வது எந்த நியாயம்?

செயலியைப் பதிவிறக்கினால் தீர்ந்தது என்பார்கள். செயலி இலவசம்தான். அது ஓடும் கைப்பேசி? 2017-ல் 2ஜியை நிறுத்தினார்கள், பொத்தான் அழுத்தும் பழைய கைப்பேசிகள் போயின. 2024-ல் 3ஜி போயிற்று. இப்போது சிக்னல் நன்றாக இருக்கும்போதே செயலிகள் கைவிடுகின்றன: கைப்பேசி வேலை செய்யும், திரையில் கீறல்கூட இருக்காது, ஆனால் வங்கிச் செயலி "உங்கள் சாதனம் பழையது" என்று கதவை மூடிக்கொள்ளும். பாதுகாப்புக்காகத்தான், தெரியும். குறுஞ்செய்தி ஓடிபியை விட்டு வங்கிச் செயலிக்குள்ளேயே இருக்கும் மின்னிலக்கச் சாவிக்கு மாறவேண்டும் என்று 2024-ல் வங்கிகள் அறிவித்த பிறகு, அந்தக் கைப்பேசியே வங்கிக்கணக்கின் திறவுகோலாகிவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில வருஷத்துக்கு ஒரு முறை புதுத் திறவுகோல் வாங்கும் செலவு நம் தலையில். மாதக் கட்டணம் குறைந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. நான்காவது தொலைபேசி நிறுவனம் வந்த பிறகு போட்டியில் விலை இறங்கியது, அதற்கு உங்களுக்கு நன்றி. டேட்டா மலிந்துவிட்டது, அதை வாங்கிக்கொள்ளும் கருவி மலியவில்லை.

இன்னொரு செலவு எந்த ரசீதிலும் வராது. ஒவ்வொரு வீட்டிலும் சம்பளமில்லாத மின்னிலக்கத் தூதர் ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டில் அது உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகன். நீங்கள் 2020-ல் மூத்தோருக்குக் கைப்பேசி பழக்கிவிடத் தூதர்களை வேலைக்கு எடுத்துச் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உட்காரவைத்தது அருமையான காரியம். பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள், மாமியாரும் போய் வந்தார். ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் கடவுச்சொல் மறந்தால் யாரைக் கூப்பிடுவது? பேரனைத்தான். அவன் பாட்டியின் வங்கிக் கணக்கைத் திறக்கிறான், பலதுறை மருந்தகத்தின் சந்திப்பு நேரத்தை மாற்றுகிறான், ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்கிறான். எந்தப் பாட்டிக்குத் தன் இருப்புத்தொகையும் சர்க்கரை அளவும் பதினைந்து வயதுப் பையனுக்குத் தெரியவேண்டும் என்று ஆசை? நிறுவனங்களிடமிருந்து தகவலைக் காப்பதற்கு ஆணையம் இருக்கிறது. வேறு வழியில்லாததால் குடும்பத்துக்குள்ளேயே கைமாறும் தகவலைப் பற்றி எங்கும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை. அதை உணர்ந்துதானோ என்னவோ மாமியார் இப்போதெல்லாம் சிலவற்றைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்.

அந்தப் பையனுக்கும் குழப்பம்தான். 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளையில்கூடக் கைப்பேசியைத் தொடக்கூடாது. நான் கைதட்டி வரவேற்ற முடிவு அது. பள்ளி வாசலைத் தாண்டியதும் ஒரு கோப்பை பானம் வாங்கவும் அவன் அதைத்தான் வெளியே எடுக்கவேண்டியிருக்கிறது.

இப்படி எழுதுபவர்களுக்கு ஒரு முத்திரை தயாராக இருக்கும்: தொழில்நுட்பத்துக்குப் பயந்தவர், மாற்றம் பிடிக்காதவர். இந்த ஊர்த் தமிழர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. 1995-ல், உலகத்தில் பல மொழிகளுக்கு இணையம் என்றால் என்னவென்றே தெரியாத நேரத்தில், அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதை இணையத்தளத்தில் நான்கு மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருந்தது. அதில் தமிழைத் திரைக்குக் கொண்டுவர உழைத்தவர் நம் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி. 1997-ல் தமிழிணைய மாநாடு இங்கேதான் நடந்தது. எழுத்துருவும் விசைப்பலகையும் செய்து இணையத்துக்குள் ஏறிய கூட்டம் இது. நானும் கணக்குப் பிரிவில் நாள் முழுதும் கணினி முன்னால் உட்காருபவள்தான். செயலிகளை வெறுக்கவில்லை. செயலி மட்டுமே வழி என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அரசாங்கத்துக்கு இது புரிந்திருக்கிறது என்பதற்கு ஆதாரங்கள் உண்டு. கொவிட் காலத்தில் தொற்றுத் தொடர்பைக் கண்டறியும் டிரேஸ்டுகெதர் செயலி எல்லாருக்கும் ஒத்துவரவில்லை என்றதும் 2020 ஜூனில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவியை முதலில் மூத்தோருக்குக் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் பேருந்து, ரயில் கட்டணத்துக்கான பழைய ஈசிலிங்க் அட்டைகளை நிறுத்திச் சிம்ப்ளிகோ என்ற புது முறைக்கு எல்லாரும் மாறவேண்டும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. கட்டண வாயிலில் மிச்சத் தொகை தெரியாது என்று மக்கள் கொதித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் முடிவு மாறியது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி கூடுதலாக ஆகும் என்றார்கள், ஆனாலும் தொடர்ந்தார்கள். 2025-ல் நாட்டின் அறுபதாம் ஆண்டையொட்டி எஸ்ஜி60 பற்றுச்சீட்டு வந்தபோது கைப்பேசி இல்லாத மூத்தோர் சமூக மன்றத்தில் அச்சிட்டு வாங்கிக்கொண்டார்கள். 800 வெள்ளி, காகிதத்தில் வாங்கினாலும் அதே 800 வெள்ளி. ஒரு காசு குறையவில்லை. அந்த நியாயத்தைத்தான் கடைத்தெருவிலும் எதிர்பார்க்கிறேன்.

தனியார் கடைக்குள் அரசாங்கம் எப்படி மூக்கை நுழைப்பது என்று நீங்கள் கேட்கலாம். ஏற்கெனவே நுழைந்துதான் இருக்கிறீர்கள். சிறு, நடுத்தர நிறுவனங்களை மின்னிலக்கமாக்கும் திட்டத்தை 2017-ல் தொடங்கியது உங்கள் ஆணையம். எந்த விற்பனை முறை, எந்த ஆர்டர் முறை மானியத்துக்குத் தகுதி என்று முன்கூட்டியே ஒப்புதல் தருவதும் நீங்கள். அந்தப் பட்டியலில் உள்ள ஒன்றைக் கடைக்காரர் வாங்கினால் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் பாதிச் செலவுவரை ஏற்கிறது. அந்தப் பாதிப் பணம் எங்கள் வரிப்பணம்.

ஆகவே புதுச் சட்டம் வேண்டாம். மானியப் பட்டியலில் இடம்பெறும் ஆர்டர் முறை எதுவானாலும், கடைக்குள் உட்கார்ந்து சாப்பிடுபவரிடம் எண்ணையோ பிறந்தநாளையோ கட்டாயமாகக் கேட்கக்கூடாது, சம்மதக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் இருக்கக்கூடாது, தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் பட்டியல் காட்டும் வசதி இருக்கவேண்டும் என்று ஒப்புதல் நிபந்தனையில் சேருங்கள். கல்லாவில் வாயால் சொல்லி வாங்குபவருக்கும் அதே விலை என்பதையும் அதில் எழுதுங்கள். செயலி விலை வைத்திருக்கும் மளிகைக் கடைகளுக்கு, எண் கேட்காத ஒரு சாதாரண அட்டையிலும் அந்த விலையைக் கொடுக்கும்படி வழிகாட்டி வெளியிடுங்கள். உணவகக்காரர் எதையும் மாற்றவேண்டியதில்லை. மாற்றவேண்டியது அவர் சொன்ன அந்த 'சிஸ்டம்'தான், அதற்கு ஒப்புதல் முத்திரை குத்தும் மேசை உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

நன்றியுடன்,
யீஷூன்வாசி ஒருத்தி